உள்ளே அடிக்க வேண்டிய சிவப்பு

கோபம் வந்தால் லிஃப்ட்காரருக்குக் காது மடல் சிவந்துவிடும். அந்தச் சனிக்கிழமை காலையில் முதல் வாய் காபி உள்ளே போவதற்கு முன்பே சிவந்திருந்தது.

போன வாரம் படிக்க விட்டுப்போனவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஊரார் கட்டடங்களில் லிஃப்ட் பழுது பார்க்கும் இந்த மனிதர் ஒரு ஸ்லாட் கார் செய்துகொண்டிருக்கிறார். (சொந்தக் கட்டடத்து லிஃப்ட் மாதக்கணக்காக ஓடவில்லை. அது வேறு கம்பெனியின் பொறுப்பு, இவர் தொடக் கூடாது. கேட்டால் அதற்கும் காது சிவக்கும்.) ஸ்லாட் கார் என்பது உள்ளங்கையில் அடங்குகிற கார். பலகைத் தடத்தில் ஒரு பள்ளக்கோடு, கோட்டுக்கு இரண்டு பக்கமும் செம்புப் பட்டை, காரின் அடியில் அந்தக் கோட்டுக்குள் இறங்கி ஓடும் ஒரு நாக்கு. கையில் பிடிக்கும் கன்ட்ரோலரின் விசையை அழுத்தினால் கார் பாயும். ஆசைப்பட்டுக் கூடுதலாக அழுத்தினால் வளைவில் கோட்டை விட்டுக் கிளம்பிப் பார்க்க வந்தவர் மடியில் போய் விழும்.

கிளப்பில் ‘வீட்டுத் தயாரிப்பு’ என்று வருடத்துக்கு ஒரு போட்டி. மோட்டாரும் சக்கரமும் கடையில் வாங்கலாம். மற்றதெல்லாம் வீட்டார் கையால் ஆகியிருக்க வேண்டும். இவர் மரத்தில் அச்சு செதுக்கினார். பல் லேபில் வேலை பார்க்கும் மனைவி அதை எடுத்துப்போய், பல் கிளிப் செய்கிற மெஷினில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஷீட்டைச் சூடாக்கி அச்சின்மேல் படிய வைத்து, காருக்கு ஒரு கூடு எடுத்து வந்தாள். எடுத்த வேகத்தில் அச்சு நடுவில் பிளந்து இரண்டாகிவிட்டது. ஆக, இருப்பது ஒரே கூடு.

கூட்டைக் கையில் கொடுக்கும்போது மனைவி அதைப் பற்றி ஏதோ சொன்னாள். இவர் மோட்டாரைக் காதோடு ஒட்டிவைத்து, பல்சக்கரம் கிர்ரென்கிறதா கர்ரென்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். “ம்” என்றார். போட்டி நாளைக்கு. அவ்வளவுதான் இதுவரை நடந்த கதை.

மனைவி லேபுக்குக் கிளம்பிப் போய்விட்டாள். சாப்பாட்டு மேஜை முழுக்க லிஃப்ட்காரரின் சாமான்கள்.

“பளபளப்பே வரல பாரு” என்று கூட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். “ராத்திரி வெள்ளைக் கோடும் நம்பரும் போட்டேன். பாலாடை படிஞ்ச மாதிரி மங்கலா நிக்குது. பெயின்ட் சரியில்ல. இல்லாட்டி ஷீட் சரியில்ல. உங்கக்கா லேப்ல மட்டமான சரக்கா வாங்கறாங்க.”

“எனக்கு நல்லாத்தான் தெரியுது மாமா” என்றாள் சின்னவள்.

சின்னவள் அவர் மனைவியின் தங்கை. கல்யாணம் கசந்து, மழைக்காலத்தில் ஒரு சூட்கேஸோடு இந்த வீட்டுக்கு வந்தவள். வந்த நாளிலிருந்து, “அக்கா, இந்த டம்ளர எடுத்துக்கவா?”, “மாமா, ஃபேன் போட்டுக்கவா?” என்று காற்றுக்கும் தண்ணிக்கும் அனுமதி கேட்டுக்கொண்டே இருந்தாள். துணிமணி எல்லாம் கட்டிலுக்கு அடியில் சூட்கேஸிலேயே கிடந்தது. போன வாரம்தான் அலமாரிக்கு ஏறியது.

அவளைக் கொஞ்சம் சிரிக்க வைத்தது இந்தக் கார் விவகாரம் ஒன்றுதான். ஒருநாள் சும்மா வேடிக்கை பார்க்க கிளப்புக்கு வந்தவளிடம் லிஃப்ட்காரர் கன்ட்ரோலரைக் கொடுத்தார். அவருடைய கை கனமான கை. பாதி வளைவுகளில் கார் பறந்துவிடும். இவள் விரல் விசையைத் தொட்டதும் தெரியவில்லை, விட்டதும் தெரியவில்லை. கார் கோட்டை விட்டு ஒருமுறைகூட வெளியே வரவில்லை. அன்றைக்கே அவர் அவள் கைக்கு ஏற்றாற்போல் கன்ட்ரோலரின் பிடியை இழைத்துச் சின்னதாக்கி, சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு கொக்கி அடித்து மாட்டினார். செய்வது அவர், ஓட்டுவது அவள் என்று முடிவாயிற்று. காரின் தட்டை மூஞ்சியைப் பார்த்து ‘இஸ்திரிப்பெட்டி’ என்று பெயர் வைத்ததும் அவள்தான்.

“இந்த ஸ்க்ரூ எங்க?” லிஃப்ட்காரர் மேஜைக்கு அடியில் குனிந்தார். “இப்பத்தானே இங்க வச்சேன்!”

“கைல இருக்கு மாமா.”

“இது வேற. முன்சக்கரத்து ஸ்க்ரூ.”

இரண்டு பேரும் தரையில் மண்டியிட்டுத் தேடினார்கள். கிடைக்கவில்லை. வேறொன்றைத் தேய்த்துப் பொருத்தினால் சக்கரம் ஒரு பக்கமாகத் தள்ளாடியது. அதைச் சரிசெய்தால் பல்சக்கரம் கடித்தது. அதைத் தளர்த்தினால் அடியில் இருக்கும் நாக்கு ஆடியது. மனுஷனுக்குப் பொறுமை என்பது ஒரு அளவுதானே? ஸ்க்ரூ டிரைவரை மேஜையில் ஓங்கிப் போட்டார்.

அந்த நேரம் பார்த்து போன். கிளப்பில் மூன்று வருடமாகக் கோப்பையை விடாமல் பிடித்து வைத்திருக்கும் கண்ணாடிக்கடை அம்மா. மூக்குக்கண்ணாடி விற்பவர்.

“சார், படியில சறுக்கி மணிக்கட்டுல கட்டுப் போட்டிருக்கேன். கார் தயாரா நிக்குது, ஓட்டத்தான் ஆள் இல்ல. யாராவது தெரிஞ்சவங்க இருக்காங்களா?”

“அடடா, பாத்து நடக்கக் கூடாதாம்மா? நம்ம பக்கம் யாரும் இல்லையே” என்று ரொம்ப வருத்தப்பட்டவர், போனை வைத்ததும் அன்றைக்கு முதல்முறையாகப் பல்லைக் காட்டினார். “இந்த வருஷம் கப் நம்ம வீட்டுக்குத்தான்!”

“அவங்க பாவம் மாமா. நமக்கு ஓட்டிட்டு அவங்களுக்கும் நானே ஓட்டலாம்ல?”

“ஒருத்தர் ஒரு காரத்தான் ஓட்டணும், அதான் ரூல். எதிரிக்கு எதுக்கு இரக்கம்?”

சந்தோஷம் காபி ஆறுகிற நேரம்கூட நிற்கவில்லை. அடுத்த போன் ஆபீஸிலிருந்து. ஏதோ ஒரு ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டதாம், உள்ளே ஆள் இருக்கிறதாம்.

“எனக்கு இன்னிக்கு லீவு!” என்று கத்திவிட்டுச் சட்டையை மாட்டினார். “வெள்ளை காய்ஞ்சாச்சு. இன்னிக்குச் சிவப்பு அடிச்சாத்தான் நாளைக்குள்ள காயும். இன்னிக்குன்னு பாத்துத்தான் எவனாவது மாட்டிக்குவான்!”

சிவப்பு டப்பாவையும் பிரஷ்ஷையும் கூட்டுக்குப் பக்கத்தில் அப்படியே விட்டுவிட்டு, படிகளில் தடதடவென்று இறங்கிப் போனார்.

ஆஸ்பத்திரியில் உள்ளே மாட்டியிருந்தவர் ஒரு வக்கீல். கதவிடுக்கு வழியாகவே சட்டம் பேசினார். லிஃப்ட்காரர் அவரைச் சீக்கிரமே இறக்கிவிட்டார். ஆனால் எதனால் நின்றது என்பதுதான் பிடிபடவில்லை. கதவு மூடுகிறது, திறக்கிறது, மறுபடி பாதியில் நிற்கிறது. மேலே மெஷின் ரூமுக்கும் கீழே குழிக்குமாக ஏறி இறங்கி முழங்கால் கழன்றது. மதியம் தாண்டித்தான் கண்டுபிடித்தார். கதவு ஓடும் பள்ளத்தில் ஒரு ஹேர்பின் வளைந்து செருகியிருந்தது. அதற்காகப் பாதி நாள் போச்சு. இனி வீட்டுக்குப் போய்ச் சிவப்பு அடித்து, அது காய்ந்து, சக்கரத்தைச் சரிசெய்து… கணக்குப் போடப் போடக் காது சிவந்தது.

வீட்டுக்கு வந்தார். செத்துக் கிடக்கும் சொந்தக் கட்டடத்து லிஃப்ட்டை ஒரு முறை முறைத்துவிட்டுப் படியேறினார்.

கதவைத் திறந்ததே சின்னவள்தான். முகம் முழுக்கச் சிரிப்பு. அந்த வீட்டில் யாரும் அவளை அப்படிப் பார்த்ததில்லை.

“மாமா, கண்ண மூடிக்கோங்க.”

“என்ன வெளயாட்டு இது? ஒதுங்கு, வேல கெடக்கு.”

“அட, ஒரு நிமிஷம் மூடுங்க மாமா!”

மூடினார். கையைப் பிடித்து பால்கனிக்கு நடத்திக்கொண்டு போனாள். திறந்தார்.

பழைய பேப்பரின் நடுவில் இஸ்திரிப்பெட்டி சிவப்பாக உட்கார்ந்திருந்தது. கூரை, மூக்கு, ஜன்னல், வெள்ளைக் கோடு, நம்பர் எல்லாம் ஒரே சிவப்பு.

“நீங்க வந்து அடிச்சா எப்பக் காயறது? அதான் நானே அடிச்சுட்டேன். ஒரு சொட்டுகூட வழியல பாருங்க. கோட்டையும் நம்பரையும் மறுபடி மேல எழுதிக்கலாம், சரியா?”

லிஃப்ட்காரர் குனிந்து பார்த்தார். “வெளியில அடிச்சிருக்க” என்றார்.

“பின்ன?”

“உள்ள அடிக்கணும்! கண்ணாடி மாதிரி இருக்கற கூடு இது. எல்லாத்தையும் உள்பக்கம்தான் அடிக்கணும். மொதல்ல கோடு, நம்பர், அப்புறம் பின்னாடி சிவப்பு. அப்பத்தான் வெளியிலேருந்து பாத்தா தெரியும். கார் முட்டி மோதினாலும் பெயின்ட் போகாது!”

“உள்ளயா?” அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “காருக்கு உள்பக்கம் யாராவது பெயின்ட் அடிப்பாங்களா மாமா?”

நியாயமான கேள்விதான். உங்களையும் என்னையும் விட்டிருந்தாலும் வெளியில்தான் அடித்திருப்போம். ஆனால் அந்தச் சிரிப்பு வந்த நேரம் சரியில்லை.

தின்னர் பாட்டிலையும் துணியையும் பறித்துக்கொண்டு வந்து கூரையைத் தேய்த்தார். சிவப்பு போகவில்லை, கரைந்து ஜன்னல் முழுக்க இழுவிக்கொண்டது. இன்னும் அழுத்தித் தேய்த்தார். புண்ணைச் சொறிந்த மாதிரி ஆயிற்று.

“நான் மெதுவாத் தேய்க்கட்டுமா?” என்று கையை நீட்டினாள்.

“தொடாத!”

அவள் கை அப்படியே நின்றது. “நீங்கதான் இன்னிக்கே அடிக்கணும்னு…”

“நான் அடிக்கணும்னு சொன்னேன். உன்ன அடிக்கச் சொன்னேனா? அச்சும் போச்சு, இருந்த ஒரு கூடும் போச்சு. எத்தன வாரமா உக்காந்து இடுப்பொடியச் செஞ்சது! யாரக் கேட்டு எடுத்த? தோணின எடத்துல எல்லாம் கை வைக்க, இது என்ன உன் வீடா?”

சொல்லிவிட்டார்.

வாயை விட்டு வெளியே வந்த கணமே அது என்ன வார்த்தை என்று அவருக்குத் தெரிந்தது. தெரிந்தால் என்ன? கோபக்காரனுக்கு வாயை மூடத் தெரிந்தாலும் வாபஸ் வாங்கத் தெரியாது. முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுபடி தேய்க்க ஆரம்பித்தார்.

சின்னவள் கையை இழுத்துக்கொண்டாள். பிரஷ்ஷைக் கழுவி வைத்தாள். டப்பாவை மூடினாள். பேப்பரை மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. தின்னர் தீர்ந்துவிட்டதே, வாங்கிவரப் போகிறாள் போல என்று நினைத்துக்கொண்டார். அப்படி நினைப்பது அவருக்கு வசதியாக இருந்தது.

சாயங்காலம் மனைவி, அதாவது பெரியவள், வந்தபோது அவர் கூட்டை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார்.

“என்னங்க, யார் வீட்டு எழவு?”

“உன் தங்கச்சி பண்ண வேலையப் பாரு. வெளியில அடிச்சு நாசம் பண்ணிட்டா. நாளைக்குப் போட்டியும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் இனிமே இந்த எழவையே தொடப்போறதில்ல.”

பெரியவள் பையைக் கழற்றாமலேயே கூட்டை வாங்கித் திருப்பினாள். முன்சக்கரத்துக்கு மேலிருக்கும் வளைவில் நகத்தால் லேசாக நெம்பினாள். ஒரு ஓரம் கிளம்பி வந்தது. அதைப் பிடித்து இழுத்தாள்.

சர்ரென்று உரிந்தது. சிவப்பு, இழுவல், ஜன்னலில் அப்பியிருந்த கறை எல்லாம் ஒரே மெல்லிய தாளாகக் கையோடு வந்தது. அடியிலிருந்து கூடு அப்போதுதான் குளித்துவிட்டு வந்தது போல எட்டிப் பார்த்தது. வெள்ளைக் கோடு பளிச்சென்று, நம்பர் பளிச்சென்று. காலையில் அவரைப் படுத்திய அந்த மங்கலும் இல்லை.

“இந்த ஷீட்டுக்கு மேல கீறல் விழாம இருக்க ஒரு தாள் ஒட்டியிருக்குங்க. லேப்ல உடனே உரிச்சிடுவோம். உங்க கைக்கு இருக்கட்டும்னுதான் விட்டு வச்சேன். கடைசியில உரிச்சுக்கோங்கன்னு குடுக்கும்போதே சொன்னேனே? நீங்ககூட ‘ம்’னீங்க.”

லிஃப்ட்காரர் சோபாவிலிருந்து எகிறி எழுந்தார். கூட்டை வாங்கி முத்தம் கொடுக்காத குறை. “அடி சக்கை! இப்ப உள்ள சிவப்பு அடிச்சாக்கூட நாளைக்குள்ள காய்ஞ்சுடும்!” திரும்பி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். “ஏம்மா, இங்க ஓடி வா! வந்து பாரு, ஒண்ணும் ஆகல!”

பழக்க தோஷம். வாய் தானாகவே கூப்பிட்டுவிட்டது.

“எங்க அவ?” என்றாள் பெரியவள்.

“தின்னர் வாங்கப் போயிருக்கா.”

“எப்பப் போனா?”

அவர் ஜன்னலைப் பார்த்தார். வெளியே தெருவிளக்கு எரிய ஆரம்பித்திருந்தது. முனைக்கடைக்குப் போகவர அத்தனை நேரம் ஆகாது.

“அவள என்ன சொன்னீங்க?”

“கொஞ்சம் சத்தம் போட்டேன்.”

“என்ன சொன்னீங்கன்னு கேட்டேன்.”

சொன்னார். தரையைப் பார்த்துக்கொண்டு, கடைசி வார்த்தையைப் பாதி முழுங்கிச் சொன்னார்.

பெரியவள் அறைக்குள் போனாள். அலமாரி திறக்கும் சத்தம் கேட்டது, கட்டிலுக்கு அடியில் எதையோ தேடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் வீட்டுச் சாவி இருந்தது. சின்னவள் அதைத் தலையணைமேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

“போன வாரம்தாங்க துணிய எடுத்து அலமாரியில வச்சா.” பெரியவள் சாவியை மேஜைமேல் வைத்தாள். “நான் பாத்தும் பாக்காத மாதிரியே இருந்தேன். ஏதாவது கேட்டுட்டா மறுபடி பெட்டிக்குள்ள வச்சுடுவாளோன்னு பயந்துக்கிட்டு. ‘யாரக் கேட்டு எடுத்த’ன்னா கேட்டீங்க? யாரையும் கேக்காம அவ இந்த வீட்ல செஞ்ச மொத வேலைங்க அது!”

லிஃப்ட்காரர் மேஜையில் கிடந்த சிவப்புத் தாளை எடுத்தார். கூரை வளைவு, மூக்கு, சக்கரத்து வெட்டு என்று கார் வடிவத்திலேயே அது நின்றது. அவர் தேய்த்துக் கெடுத்த கூரையை விட்டால் மற்ற இடத்தில் பிரஷ் போன தடமே தெரியவில்லை. அவர் அடித்திருந்தால் இப்படி வந்திருக்காது. அதை ஒத்துக்கொள்ள இப்போது தடையாக எதுவும் இல்லை.

“போன் பண்ணு.”

“பண்ணிட்டேன். எடுக்கல.”

சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போனவர் சமையலறைக் கதவருகே நின்றார். கொக்கி காலியாக இருந்தது. சாவியை விட்டுவிட்டுப் போனவள் கன்ட்ரோலரை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள்.

அவருடைய போன் அடித்தது. பாய்ந்து எடுத்தார். கண்ணாடிக்கடை அம்மா. பெரியவள் அதைப் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டாள்.

“சார், பயப்படாதீங்க. உங்க மச்சினி இங்க எங்க வீட்லதான் இருக்கு. பெட்டியோட வந்துது. சாப்பிடச் சொன்னேன், மாட்டேங்குது. நாளைக்கு எனக்கு ஓட்டறேங்குது. உங்கள ஒரு வார்த்தை கேக்காம நான் சரின்னு சொல்லக் கூடாதில்லையா?”

“போன அவகிட்டக் குடுங்கம்மா.”

எதிர்முனையில் கசமுசவென்று பேச்சு. “பேச மாட்டேங்குது சார். ஒண்ணு மட்டும் கேக்கச் சொல்லுது. கூடு என்னாச்சாம்? சரிபண்ண முடிஞ்சுதான்னு கேக்குது.”

போச்சு என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் அவருக்குத் தோன்றியது. கூடு நிஜமாகவே போயிருந்தால் கத்தினதுக்கு ஒரு காரணமாவது மிஞ்சும். மனைவி கண்ணெடுக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒண்ணும் ஆகலன்னு சொல்லுங்கம்மா” என்றார். “மேல ஒரு தாள் ஒட்டியிருந்திருக்கு. சிவப்பு அதோட வந்துடுச்சு. தப்பு என்னோடதுதான். அவ அக்கா சொன்னத நான் காதுல வாங்கல.”

மறுபடி கசமுச. இந்த முறை கொஞ்சம் நீண்டது.

“எனக்கு ஒண்ணும் புரியல சார், அது சொல்றத அப்படியே சொல்றேன். கூடு தப்பிச்சுதில்ல, சந்தோஷமாம். வீடு யாரோடதுன்னு கேட்டுச் சொல்லச் சொல்லுது.”

லிஃப்ட்காரர் மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

பெரியவள் போனை அவர் வாய்க்கு நேரே நீட்டினாள். “என்ன எதுக்குப் பாக்கறீங்க? உங்களத்தான் கேக்கறா.”